முழுக்கை

டெல்பின்: கைய இன்னும் கொஞ்சம் தூக்குளா.

செல்வி: இம்புட்டுதான் வரும்.

டெல்பின்: இடது கை நல்லா தூக்குத. அது மாதிரி இதையும் தூக்கு.

செல்வி: வலது தோளு அப்படித்தான். போன கிறிஸ்மஸுக்கு ஸ்கூட்டியில விழுந்தேம்லா, அதுல இருந்து... விடு, ஒன் அளவு நோட்டுல பழைய அளவு கிடக்கும், அதையே போட்டுத் தை.

டெல்பின்: பழைய அளவுல நீ கொடிக்கம்பு மாதிரி இருந்த. இப்ப அப்படியா இருக்க?

செல்வி: முப்பது வருசமா தையக்கடை வச்சிருக்க. கடைக்கு வந்தவகிட்ட எப்படிப் பேசணும்னு இன்னும் படிக்கல பாரு.

டெல்பின்: நீ கடைக்கு வந்தவளா? காலேஜ் ஹாஸ்டல்ல மூணு வருசம் என் சோப்பத் தேய்ச்சுக் குளிச்சவ. வக்கீலம்மா ஆயிட்டா மறந்துருமோ... ஏளா, அந்தக் கத்திரிய கீழ வை.

செல்வி: சும்மா பாத்தேன்.

டெல்பின்: பாத்தது போதும். சொல்லு, எத்தன ஜாக்கெட்டு?

செல்வி: நாலு. நாலும் முழுக்கை. சனிக்கிழமைக்குள்ள வேணும்.

டெல்பின்: இந்த வெக்கையில முழுக்கையா? செப்டம்பர்ல ரோட்டுல நாயே நடக்க மாட்டேங்கு.

செல்வி: ஸ்கூட்டியில கோர்ட்டுக்குப் போயிப் போயி கை கறுத்துப் போச்சு.

டெல்பின்: ஐம்பத்தி மூணு வயசுல கை கறுத்தா என்னளா, பொண்ணு பாக்கவா வாராவ?

செல்வி: தைப்பியா மாட்டியா?

டெல்பின்: தைக்கேன், தைக்கேன். என்ன அவசரம், சனிக்கிழமைன்னு?

செல்வி: ஒரு கேஸ் இருக்கு.

டெல்பின்: ம்... கேஸுன்னதும் ஞாபகம் வருது. ஒங்கிட்ட ஒரு விசயம் கேக்கணும். வக்கீல் விசயம்.

செல்வி: பர்னபாஸ் அண்ணன் ஏதும் வம்புல மாட்டிட்டாவளா?

டெல்பின்: அந்த மனுசனா? கடலுக்குப் போனா மீனு, வீட்டுக்கு வந்தா தூக்கம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல என்னையே அதட்டத் தெரியல. அவருக்கு எதுக்கு வக்கீல்? இது வேற ஒரு பொம்பளைக்கு. நல்ல கிரிமினல் வக்கீலா ஒரு பேரு சொல்லு.

செல்வி: நான் எதுக்கு இருக்கேன், கறுப்புக் கோட்ட மாட்டிக்கிட்டு?

டெல்பின்: நீ வேண்டாம்.

செல்வி: என்ன...?

டெல்பின்: நீ வேண்டாம்னேன். வேற ஆளு சொல்லு.

செல்வி: நல்லா இருக்குளா. இருபத்தஞ்சு வருசம் பிராக்டிஸ். கோட்டு தைக்கது நீ, கழுத்துப் பேண்டுக்குக் கஞ்சி போடுதது நீ. கேஸு மட்டும் வேற ஆளுக்கா?

டெல்பின்: கோவப்படாத. காரணம் இருக்கு, அப்புறம் சொல்லுதேன்.

செல்வி: யாரு அந்தப் பொம்பள? ஒன் மக ஜெனிலாவா?

டெல்பின்: ஜெனிலா புருசன் அவளக் கண்டா எந்திரிச்சு நிப்பான். அவ இல்ல. எனக்குத் தெரிஞ்சவ. புருசன் கப்பல்ல போறான்.

செல்வி: இந்த ஊருல பாதிப் பேரு புருசன் கப்பல்லதான் போறான். எங்க வீட்டுலயும்தான்.

டெல்பின்: அதான். பாதிப் பேருல ஒருத்தி. எட்டு மாசம் காண்ட்ராக்டு, மூணு நாலு மாசம் லீவு. அந்த எட்டு மாசம் அவ ராணி மாதிரி இருப்பா. லீவுல வந்தான்னா... கை நீட்டுதான்.

செல்வி: ம்.

டெல்பின்: இப்ப வார இருபத்தஞ்சாம் தேதி கப்பல விட்டு இறங்குதான். அதுக்குள்ள அவளுக்கு ஒரு வக்கீல் பாத்து வைக்கணும்.

செல்வி: இன்னும் ஒண்ணும் நடக்கலயே. இப்பமே எதுக்கு?

டெல்பின்: நாங்க பிள்ள பிறக்கும் முன்னாலயே ஞானத்தகப்பன் யாருன்னு பேசி வச்சிருவோம்லா, அது மாதிரி. முன்கூட்டியே வக்காலத்துல ஒரு கையெழுத்து வாங்கி வச்சுக்கலாமா?

செல்வி: கோட்டிக்காரி. கேஸு இல்லாம வக்காலத்து எப்படிப் போட? ஞானஸ்நானமா அது?

டெல்பின்: எனக்கு என்ன தெரியும்? நான் ஊக்கு வைக்கவ.

செல்வி: ஆனா யோசன தப்பில்ல. அடிபட்டு, அடிச்சு, போலீஸ் ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு வக்கீல் தேடினா, அன்னைக்கு யாரு கிடைக்காவளோ அவங்கதான். முன்னாலயே போயி உக்காந்து, எல்லாத்தையும் ஒளிக்காம சொல்லி, போன் நம்பர வாங்கி வச்சுக்கிட்டா, ராத்திரி பகல்னு பாக்காம ஓடி வருவாவ. வக்கீல் வராம ஒரு பேப்பர்லயும் கையெழுத்துப் போடக்கூடாது. இத அவளுக்குச் சொல்லு.

டெல்பின்: சொல்லுதேன். இம்புட்டு விவரமா இருக்க, ஒனக்கு ஞாபகம் இருக்கா... நம்ம ஹாஸ்டல்ல ஒனக்கு வக்கீலா நின்னது யாருன்னு?

செல்வி: அத மறப்பேனா? தண்ணிப் பம்பு.

டெல்பின்: விடியக்காலம் அஞ்சு மணி. தண்ணிக்கு நாப்பது குடம் வரிசையில நிக்கு. அந்தத் தடியன் சுவரேறிக் குதிச்சான் பாரு...

செல்வி: ஒன் கையப் பிடிச்சு இழுத்தான். நீ 'மாதாவே'ன்னு ஒரு சத்தம் போட்ட...

டெல்பின்: மாதா எங்க வந்தா? இரும்பு வாளியத் தூக்கிக்கிட்டு நீதான் வந்த. சாத்தான்குளத்துல இருந்து வந்து ரெண்டு மாசம் ஆகல. அதுவரைக்கும் அதிகமா வாயத் திறந்து பேசினவ இல்ல. கடலப் பாக்கக் கூட்டிட்டுப் போனதுக்கு, கப்பலப் பாத்துட்டு, 'ஏளா, பள்ளிக்கூடம் நகந்து போவுது'ன்னவ.

செல்வி: நான் அதுவரைக்கும் குளத்தத் தாண்டி என்னத்தப் பாத்தேன்? அதுலயும் அந்தக் குளத்துல தண்ணி கிடையாது.

டெல்பின்: ஒரே அடி. அவன் தலையில ரத்தம், ஒன் கையில வாளி. பாத்தா அவன் ஹாஸ்டலுக்குச் சாமான் போடுத காண்ட்ராக்டர் மருமகன். ஹாஸ்டல் மதர் ஒன்னைய ரூமுக்குள்ள கூப்பிட்டு, 'பெட்டியக் கட்டு'ன்னுட்டாவ.

செல்வி: நீ உள்ள வந்து என்ன பேசின... 'மதர், அவ அடிக்கலன்னா இப்ப நான் இங்கன நின்னு பேசிட்டு இருக்க மாட்டேன். அடிச்சது தப்புன்னா, காப்பாத்தினதும் தப்பா? அவள அனுப்புனா என்னையும் அனுப்புங்க.'

டெல்பின்: ஒரு எழுத்து விடாம ஞாபகம் வச்சிருக்க.

செல்வி: அம்புட்டு அழகா பேசின. மதரே கண்ணாடியக் கழட்டிட்டு, 'டெல்பின், நீ சட்டம் படி'ன்னாவ. கடைசியில நான் படிச்சேன்.

டெல்பின்: எங்க அப்பா போன தோணி திரும்பி வந்திருந்தா நானும் படிச்சிருப்பேன். அத விடு. மொட்டமாடியில உக்காந்து துறைமுகத்துக் கப்பல எண்ணுவோமே, அது ஞாபகம் இருக்கா?

செல்வி: எல்லாக் கப்பலுக்கும் ஒரு மாப்பிள்ள.

டெல்பின்: வெள்ளச் சட்டை, தோள்ல பட்டை. 'கட்டினா கப்பல்காரனத்தான் கட்டுவேன், வருசத்துல பாதி நாளு லெட்டரு எழுதலாம்'னு சொன்னது யாரு?

செல்வி: நான்தான். மூதி... சின்னப் பிள்ளையில என்னல்லாம் பேசுதோம்.

டெல்பின்: நல்லாத்தான் இருந்துச்சு. புட்டுல தேங்கா கிடையாது, தலகாணியில பஞ்சு கிடையாது. ஆனா அந்த மூணு வருசம் மாதிரி நான் சிரிச்சதே இல்ல. நெனச்சா ஏக்கமா இருக்கு.

செல்வி: எனக்கும்தான். தினம் ஒரு தடவ நெனச்சுக்கிடுவேன்... இரு, போன். அவியதான், கப்பல்ல இருந்து.

டெல்பின்: பேசு, பேசு.

செல்வி: ஹலோ... ஆமாங்க... இல்லங்க, கோர்ட்டு முடிஞ்சிட்டு... டெல்பின் கடையிலதான், அளவு கொடுக்க வந்தேன்... அந்தச் சத்தமா? தையல் மிசின் சத்தங்க... யாரும் இல்லங்க, நாங்க ரெண்டு பேருதான்... சரி... சரிங்க, இப்பமே அனுப்புதேன்... வச்சிருதேங்க.

டெல்பின்: பிரைட்டன் அண்ணன் என்ன சொல்லுதாவ?

செல்வி: இங்கன வா. ஒரு போட்டோ எடுக்கணும்.

டெல்பின்: என்னையவா? நான் மூஞ்சி கூடக் கழுவல.

செல்வி: கடையும் தெரியணும், கடிகாரமும் தெரியணும். அந்தப் பக்கம் நில்லு... சிரிளா.

டெல்பின்: எதுக்கு கடிகாரம்?

செல்வி: சும்மா... கப்பல்ல பொழுது போவாதுல்லா. ஊரப் பாக்கணும்னு இருக்கும்.

டெல்பின்: ஊரப் பாக்கவா. சரி. சிரிச்சிட்டேன், அனுப்பு.

செல்வி: அனுப்பிட்டேன். எதுல விட்டோம்?

டெல்பின்: அந்தப் பொம்பள. அவ பதிலுக்கு ஒண்ணு போட்டான்னா சட்டம் என்ன சொல்லுது?

செல்வி: தன்னக் காப்பாத்திக்க அடிக்கலாம். சட்டத்துலயே இடம் இருக்கு. பழச தூக்கிட்டுப் புதுச் சட்டம் கொண்டு வந்திருக்கானே, அதுலயும் முப்பத்திநாலாம் பிரிவுல இருந்து நாப்பத்திநாலு வரைக்கும் இதுதான். ஆனா எம்புட்டுத் தேவையோ அம்புட்டுதான் அடிக்கலாம். உயிரு போயிரும், கை கால் போயிரும்னு நியாயமா பயந்தாதான் அதுக்கு மேல. அவன் அடிச்சு ஓஞ்சு தூங்கும்போது போயிப் போட்டா, அது தற்காப்பு இல்ல.

டெல்பின்: எட்டு மாசம் கழிச்சு வாரவன் நல்லாத்தான் தூங்குவான்.

செல்வி: வெளையாடாத. இன்னொண்ணும் இருக்கு. போலீசுக்குப் போக நேரம் இருந்தும் போகாம இருந்தா, அந்த உரிமையே கிடையாது. எதுத்தரப்பு வக்கீல் முதக் கேள்வியே அதத்தான் கேப்பான். 'அவர் வாரார்னு ஒனக்குத் தெரியும்லாம்மா, ஏன் சும்மா இருந்த?'

டெல்பின்: ஏன் சும்மா இருந்தா?

செல்வி: அத எங்கிட்ட ஏன் கேக்க?

டெல்பின்: நீதான வக்கீல். ஒங்கிட்ட எத்தன பொம்பளைங்க வந்து அழுதிருப்பாவ. ஏன் சும்மா இருக்காவ?

செல்வி: வெக்கம்தான். வேற என்ன. மக கல்யாணம் முடியட்டும்னு ஒரு வருசம். மாமியா செத்த வருசம் வேண்டாம்னு ஒரு வருசம். இன்னும் நாலு காண்ட்ராக்டு, அப்புறம் வயசாயிரும், அடங்கிருவான்னு... எண்ணிக்கிட்டே இருப்பாவ.

டெல்பின்: அவளும் அப்படித்தான் எண்ணிருப்பா.

செல்வி: முதல்ல ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லு. குடும்ப வன்முறைச் சட்டத்துல கோர்ட்டுலயே பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம். அவசரம்னு சொன்னா, அவன் வரும் முன்னாலயே இடைக்கால உத்தரவு கேக்க வழி உண்டு. ஆனா ஆதாரம் வேணும். போட்டோ இருக்கா? ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?

டெல்பின்: இருக்காது. விழுந்துட்டேன்னு சொல்லியிருப்பா.

செல்வி: யாருகிட்டயாவது வாயத் திறந்து சொல்லியிருக்காளா?

டெல்பின்: அதான் வருத்தம். நாங்கன்னா சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துலயாவது சொல்லி அழுவோம். அவ ஒங்க சபை. ஒங்களுக்குத்தான் அந்த வசதி கிடையாதே.

செல்வி: நாங்க ஆண்டவர்கிட்ட நேராவே சொல்லிருவோம்.

டெல்பின்: ஆண்டவர கோர்ட்டுல சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?

செல்வி: ...முடியாது.

டெல்பின்: அப்ப இன்னொண்ணு கேக்கேன். தையக்காரி அளவு நோட்டு சாட்சி ஆகுமா?

செல்வி: அளவு நோட்டா? அதுல என்ன இருக்கு?

டெல்பின்: கை நீளம். தேதி போட்டு எழுதியிருக்கேன். வாசிக்கட்டுமா? மூணு வருசத்துக்கு முந்தி, ஜூன் மாசம், கை ஆறு இஞ்சு. செப்டம்பர்ல இருபத்தொரு இஞ்சு. அடுத்த வருசம் பிப்ரவரியில ஆறு. அக்டோபர்ல மறுபடியும் இருபத்தொண்ணு. போன வருசம் கிறிஸ்மஸுக்கு இருபத்தொண்ணு, அதோட தோள்கிட்ட லூசு. இந்த வருசம் ஈஸ்டருக்கு ஆறு. அவன் கப்பல் வந்தா கை நீளுது, கப்பல் போனா குறையுது. பன்னெண்டு வருசம் இப்படியே இருக்குளா இந்த நோட்டுல. நான் கூறு கெட்டவ... ஃபேசன்னு நெனச்சு தச்சுக் கொடுத்திருக்கேன்.

செல்வி: டெல்பின்...

டெல்பின்: சாட்சி ஆகுமா ஆகாதா, அத மட்டும் சொல்லு.

செல்வி: ஆகும். அது ஒண்ணு மட்டும் போதாது. ஆனா ஜட்ஜ் பாப்பார். எழுதினவ கூண்டுல ஏறிச் சொல்லணும்.

டெல்பின்: ஏறுதேன். மதர் முன்னாலயே பேசினவ, ஜட்ஜ் முன்னால பேச மாட்டேனா?

செல்வி: அவன் ஒன்னையும் சும்மா விட மாட்டான். கடைக்கு வந்து சத்தம் போடுவான்.

டெல்பின்: வரட்டும். எங்கிட்ட இஸ்திரிப்பெட்டி இருக்கு. தேவைக்கு மேல அடிக்க மாட்டேன், அளவா அடிக்கேன்.

செல்வி: இந்த நேரத்துல சிரிக்க வைக்காதளா.

டெல்பின்: எனக்குச் சிரிப்பு வரல. பயமா இருக்கு. போன வாரம் அவ இங்கன வந்திருந்தா. துணியப் பேசிக்கிட்டே என் கத்திரிய எடுத்தா. எடுத்துட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. இன்னைக்கும் எடுத்தா... இந்தத் தடவ அவ அடிச்சிருவாளோன்னு பயமா இருக்கு. அடிக்காமலே செத்துப் போயிருவாளோன்னும் பயமா இருக்கு. ரெண்டு ராத்திரியா கண்ணு மூடல. வாளியத் தூக்கின கை அது. ரெண்டு மாசப் பழக்கத்துலயே என்னையக் காப்பாத்தின கை. இன்னைக்கு அளவெடுக்கத் தூக்கச் சொன்னா பாதிக்கு மேல வர மாட்டேங்கு. எனக்குத் தாங்கல.

செல்வி: அழாத. டேப்பு நனையுது.

டெல்பின்: நனையட்டும். நான் சட்டம் படிச்சிருந்தா நானே நின்னிருப்பேன். படிக்கலயே. அதான் வேற ஒருத்தர் பேரு கேக்கேன். நீ வேண்டாம்னது அதுக்குத்தான். அவளுக்கு அவளே வாதாட முடியாதுல்லா.

செல்வி: ...வன்னியபெருமாள்.

டெல்பின்: அது யாரு?

செல்வி: என் சீனியர். வயசு எழுபது. அவருகிட்ட பொய் சொல்ல முடியாது, அவரும் சொல்ல மாட்டார். ரெண்டு மூணு தடவ எங்கிட்டயே கேட்டிருக்கார், 'என்னம்மா, நல்லா இருக்கியா'ன்னு. நல்லா இருக்கேன் சார்னுதான் சொல்லியிருக்கேன்.

டெல்பின்: அவர எப்பப் பாக்கலாம்? அவளத் தைரியப்படுத்திக் கூட்டிட்டுப் போறதுக்கு ரெண்டு மூணு நாளாவது ஆகும். நாளு கிடக்கே, இருபத்தஞ்சுக்கு இன்னும் பத்து நாளு இருக்கு.

செல்வி: இல்லளா.

டெல்பின்: என்ன இல்ல?

செல்வி: பத்து நாளு இல்ல. கப்பல் இப்பமே கொச்சிக்கு வந்துட்டாம், சனிக்கிழமைக்குள்ள கேட்டது அதுக்குத்தான். அவிய இந்த ஞாயித்துக்கிழமையே வீட்டுக்கு வந்திருதாவ, டெல்பின்... அந்த நாலு ஜாக்கெட்டுக்கும் கை ஆறு இஞ்சே வெட்டு. நோட்ட எடுத்துக்கிட்டு கடையப் பூட்டு, இப்பமே போவோம்.